சி பாடத்தை நினைவகத்திலிருந்து தொடங்குவோம்

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தின்படி, இணைவு பெற்ற பொறியியல் கல்லூரிகளில் கணினி அறிவியல் பிரிவில் சேரும் மாணவர்கள் முதல் பருவத்தில் பைத்தானையும் இரண்டாம் பருவத்தில் சி மொழியையும் படிக்கிறார்கள். சி பாடத்துக்கு ஐந்து அலகுகள்: அடிப்படைகள், அணிகளும் (ஒரே வகை மதிப்புகளின் வரிசை) சரங்களும் (எழுத்துகளின் வரிசை), செயற்கூறுகளும் (ஃபங்ஷன்கள்) பாயிண்டர்களும் (நினைவக முகவரியை வைத்திருப்பவை), ஸ்ட்ரக்சரும் யூனியனும், கோப்புகள். வகுப்புக்கு 45 பாடவேளைகளும் லேபுக்குத் தனியாக 60 பாடவேளைகளும் ஒதுக்கப்பட்டுள்ளன. இந்தப் பாடத்தைப் பல ஆண்டுகளாக முதலாண்டு மாணவர்களுக்கு நடத்தி வரும் ஆசிரியன் என்ற முறையில் எனக்கு இதில் ஓர் உறுதியான கருத்து உண்டு. சி என்பது நினைவகத்தைப் பற்றிய பாடம். மாறி (மதிப்பை வைக்கப் பெயரிட்ட இடம்), அணி, சரம், செயற்கூறு, பாயிண்டர், ஸ்ட்ரக்சர் ஆகிய அனைத்தும் அந்த ஒரு பொருளின் கிளைகள். மூன்றாம் அலகின் பிற்பாதி வரும்வரை முகவரி (நினைவகத்தில் ஓர் இடத்தைக் குறிக்கும் எண்) என்ற பேச்சையே எடுக்காமல் பாடம் நடத்தினால், அதுவரை படித்தவை எல்லாம் காரணம் தெரியாத விதிகளாகவே மாணவர் மனத்தில் தங்கிவிடுகின்றன.

முதல் பருவத்தில் பைத்தான் படித்துவிட்டு வருபவர்களிடம் நான் கேட்கும் முதல் நிரல் ஃபேக்டோரியல், அதாவது 1 முதல் ஓர் எண் வரையிலான எல்லா எண்களின் பெருக்கல். அதை அவர்கள் ஏற்கெனவே எழுதியிருக்கிறார்கள். பைத்தானில் 20-இன் ஃபேக்டோரியலைக் கேட்டால் பத்தொன்பது இலக்க எண்ணைப் பிசகின்றித் தரும், 100-இன் ஃபேக்டோரியலைக் கேட்டாலும் தரும். அதே நிரலை சி-யில் எழுதி, விடையை வைக்க, முழு எண்ணுக்கான ஓர் இன்ட் மாறியை அறிவித்து ஓட்டச் சொல்கிறேன். 12 வரைக்கும் எல்லாம் சரி, 47,90,01,600 என்று வருகிறது. 13 கொடுத்தால் திரையில் 1,93,20,53,504 என்று வரும். பார்ப்பதற்கு அது நல்ல எண்ணைப் போலவே இருக்கிறது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. நிரலும் ஒழுங்காக முடிந்துவிட்டது. மனக்கணக்கில் கெட்டிக்கார மாணவி யாராவது ஒருவர், 12-இன் விடையை 13-ஆல் பெருக்கினால் 600 கோடிக்கு மேல் போக வேண்டுமே என்று சொல்லும்போதுதான் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். சரியான விடை 6,22,70,20,800. இன்றைய லேப் கணினியில் ஓர் இன்ட் மாறிக்கு 4 பைட், அதாவது 32 பிட் இடம்தான் உண்டு. அதில் கொள்ளும் மிகப் பெரிய எண் 2,14,74,83,647. சரியான விடையிலிருந்து 2-இன் 32ஆம் அடுக்கான 4,29,49,67,296-ஐக் கழித்துப் பாருங்கள், திரையில் வந்த எண் கிடைக்கும். இப்படி வழிந்தால் என்ன நடக்க வேண்டும் என்பதற்கு மொழியின் தரநிலை எந்த உறுதியும் தருவதில்லை என்பதையும் அப்போதே சொல்லிவிடுகிறேன்; நம் கணினிகளில் பெரும்பாலும் இந்த எண் வருகிறது, அவ்வளவுதான்.

இந்த ஒரு நிரலில் பாடத்தின் பாதி அடங்கியிருக்கிறது. எண் என்பது கணக்குப் புத்தகத்தில் இருக்கும் எண்ணாக இங்கே இருப்பதில்லை, அதற்கு ஓர் இடம் வேண்டும், அந்த இடத்துக்கு அளவு உண்டு, அளவை முடிவு செய்வது நிரல் எழுதுபவரின் பொறுப்பு. பைத்தான் இந்தப் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொண்டு, எண் பெரிதாகப் பெரிதாக இடத்தையும் பெரிதாக்கிக்கொண்டே போனது. சி அந்தப் பொறுப்பை மாணவரின் கையில் கொடுக்கிறது.

ஏன் அப்படிக் கொடுக்கிறது என்பதற்கு, மொழி பிறந்த கதையைச் சொல்லாமல் விடை சொல்ல முடியாது. பாடப்புத்தகங்களின் முதல் பக்கத்தில் "1972ஆம் ஆண்டு பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கினார்" என்று ஒரு வரி இருக்கும். இரண்டு மார்க் கேள்விக்காக அதை மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடுகிறார்கள். உண்மையில் அந்தக் கதைக்குள்ளே பாடத்தின் மையமே இருக்கிறது. 1969இல் கென் தாம்சன் பிடிபி-7 என்ற சிறிய கணினியில் யுனிக்ஸ் இயக்க அமைப்பை எழுதத் தொடங்கினார். அதற்குத் துணையாக, கேம்பிரிட்ஜில் மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் உருவாக்கியிருந்த பிசிபிஎல் மொழியைச் சுருக்கி, பி என்ற மொழியை அமைத்தார். பி மொழியில் தரவு வகை என்பதே கிடையாது. எல்லாமே ஒரே அளவுள்ள ஒரு சொல்லிடம், அதாவது வேர்டு எனப்படும் நினைவகக் கட்டம். பிடிபி-7இல் அது பொருந்தியது, ஏனெனில் அந்தக் கணினியின் நினைவகம் அப்படிப்பட்ட சொல்லிடங்களாகவே பகுக்கப்பட்டிருந்தது. அடுத்து வந்த பிடிபி-11இல் ஒவ்வொரு பைட்டுக்கும் தனி முகவரி இருந்தது. ஓர் எழுத்துக்கு ஒரு பைட் போதும், ஒரு முழு எண்ணுக்கு இரண்டு பைட் வேண்டும், முகவரிகளையோ பைட் கணக்கில்தான் சொல்ல வேண்டும். எந்த இடத்தில் எவ்வளவு அகலமான பொருள் இருக்கிறது என்பதை, நிரலைக் கணினியின் மொழிக்கு மாற்றும் கம்பைலருக்குச் சொல்லியாக வேண்டிய கட்டாயம் அங்கேதான் வந்தது. ரிட்சி பி மொழிக்குத் தரவு வகைகளைச் சேர்த்தார். அது வளர்ந்து சி ஆனது. 1973இல் யுனிக்ஸின் கருவையே சி-யில் திருப்பி எழுதினார்கள். ஆகவே இன்ட், கேரக்டர் என்று நாம் முதல் வாரத்தில் பட்டியல் போட்டுக் கற்பிக்கும் தரவு வகைகள், நினைவகத்தில் முகவரி எப்படி அமைந்திருந்தது என்ற கேள்விக்கு விடையாக வந்தவை. அந்தக் கேள்வியை மறைத்துவிட்டு விடையை மட்டும் கொடுப்பது மாணவருக்கு நாம் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன்.

முகவரியை முதல் நாளிலேயே பேசலாமா, முதலாண்டு மாணவர்கள் பயந்துவிட மாட்டார்களா என்று உடன் பணியாற்றும் ஆசிரியர்கள் கேட்பதுண்டு. பேசாமல் இருக்க வழியே இல்லை என்பதுதான் என் பதில். மாணவர் எழுதும் இரண்டாவது அல்லது மூன்றாவது நிரலிலேயே ஸ்கேன்எஃப் வந்துவிடுகிறது; அதில் மாறியின் பெயருக்கு முன்னால் & என்ற குறி நிற்கிறது. பிரிண்ட்எஃப்-இல் அந்தக் குறி இல்லை. இது ஏன் என்று கேட்கும் மாணவரிடம், "இப்போதைக்கு அப்படியே எழுதிக்கொள், பாயிண்டர் பாடத்தில் சொல்கிறேன்" என்று சொல்லிவிடுவது வழக்கமாக இருக்கிறது. அந்தப் பாயிண்டர் பாடம் இரண்டு மாதம் கழித்து வரும்போது, கேள்வி கேட்ட ஆர்வம் மறைந்து, & போட வேண்டும் என்ற பழக்கம் மட்டும் மிஞ்சியிருக்கும். அதற்குப் பதில் அன்றைக்கே கரும்பலகையில் ஒரு கட்டம் வரைந்து, கட்டத்துக்குள் மதிப்பையும், கட்டத்துக்கு மேலே மாறியின் பெயரையும், கீழே ஒரு முகவரி எண்ணையும் எழுதிக் காட்டினால் போதும். பிரிண்ட்எஃப்-க்கு உள்ளே இருக்கும் மதிப்பு தெரிந்தால் போதும், அதை எடுத்து அச்சிட்டுவிடும். ஸ்கேன்எஃப், விசைப்பலகையில் தட்டப்பட்டதைக் கொண்டுபோய் எங்கேயோ வைக்க வேண்டும். எங்கே வைப்பது என்று அதற்குத் தெரிய வேண்டும். எனவே அதற்கு முகவரியைக் கொடுக்கிறோம். இதைப் புரிந்துகொள்ள முடியாத மாணவரை நான் இதுவரை பார்க்கவில்லை.

கட்டம் வரையும்போது ஒன்றில் மட்டும் கவனமாக இருக்கிறேன். மாறியைப் பெட்டி என்று சொல்லித் தனித்தனிப் பெட்டிகளாகக் கரும்பலகை முழுக்கச் சிதறவிட்டு வரைவது பல புத்தகங்களில் உள்ள முறை. அந்தப் படத்தில் பெட்டிக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்ற கேள்வியே எழாது. நினைவகம் நம்மூர் லைன் வீடுகளைப் போன்றது. ஒரே நீளத்தில் வரிசையாக, சுவரோடு சுவர் ஒட்டி, கதவெண் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஆகவே ஒரே நீண்ட பட்டையாக வரைந்து, அதில் நான்கு நான்கு பைட்டாகப் பிரித்துப் பெயர் எழுதுவதுதான் சரியானது. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது சி-யில் எப்போதும் முக்கியமான கேள்வி.

லேபில் இதை உறுதிப்படுத்த ஒரு சிறு பயிற்சி வைத்திருக்கிறேன். ஐந்து முழு எண்களுக்கான அணி ஒன்றை, லேபில் நாங்கள் அரே என்று சொல்வதை, அறிவித்து, ஒவ்வோர் உறுப்பின் முகவரியையும் அச்சிடச் சொல்வேன். நீளமான பதினாறடிமான எண்கள் வரும். அவற்றின் கடைசி இரண்டு இடங்களை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்வேன். ஒரு மாணவரின் நோட்டில் சி0, சி4, சி8, சிசி, டி0 என்று இருந்தது. முதல் மூன்றும் நான்கு நான்காகக் கூடுகின்றன என்று உடனே சொல்லிவிட்டார். சிசி-யிலிருந்து டி0-க்குப் போனது மட்டும் அவருக்குப் புரியவில்லை. பத்து முதல் பதினைந்து வரையிலான எண்களை ஏ முதல் எஃப் வரையிலான எழுத்துகளால் குறிக்கிறார்கள் என்றால் சி என்பது 12, அதோடு நான்கைக் கூட்டினால் 16, 16-க்குத் தனி இலக்கம் கிடையாது, எனவே இடப்பக்க இலக்கத்தில் ஒன்று கூடி சி டி-யாகிறது, வலப்பக்கம் 0 ஆகிறது என்று அவரே விரல்விட்டு எண்ணிக் கண்டுபிடித்தார். முன்பு மார்க்குக்காகப் போட்ட பதினாறடிமான கணக்கு, ஓர் உண்மையான பொருளைக் குறிப்பதாக அவருக்கு முதன்முதலாகத் தெரிந்தது அன்றைக்குத்தான். அணியின் முதல் உறுப்புக்கு எண் ஏன் 0 என்பதும் அதே பயிற்சியில் வந்துவிடுகிறது: தொடக்க முகவரியிலிருந்து எத்தனை உறுப்பு தள்ளி இருக்கிறது என்பதுதான் அந்த எண், முதல் உறுப்பு எவ்வளவும் தள்ளி இல்லை.

அடுத்து வருவது, இந்தப் பாடத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பிழை. ஐந்து உறுப்புள்ள அணியில் எல்லா இடத்திலும் பூஜ்யம் வைக்க வேண்டும்; மாணவர் ஐ என்ற மாறியை 0-இலிருந்து தொடங்கி, ஐ < 5 என்பதற்குப் பதிலாக ஐ <= 5 என்று எழுதிவிடுகிறார். ஓட்டினால் நிரல் முடியவே முடியாது. கம்பைலர், இல்லாத ஆறாவது உறுப்புக்கான இடத்தில் ஐ-யை வைத்திருந்தால் இப்படி நேரும். சுழற்சி ஆறாவது முறை வரும்போது, அணிக்கு வெளியே அடுத்த இடத்தில் பூஜ்யத்தை வைக்கிறது. அந்த இடத்தில் இருப்பது ஐ. ஐ மறுபடி பூஜ்யமாகிவிடுகிறது. சுழற்சி முதலிலிருந்து தொடங்குகிறது. இதே நிரல் பக்கத்துக் கணினியில் ஒழுங்காக ஓடி முடியலாம், இன்னொன்றில் பாதியில் நின்றுபோகலாம். வரிசையாகப் பட்டை வரைந்து பழகிய மாணவருக்கு இந்த மூன்று நடத்தைகளுக்கும் காரணம் ஒன்றே என்று காட்டிவிட முடிகிறது. விதிகளை மட்டும் படித்த மாணவருக்கு இது கணினியின் கோளாறாகவே தெரியும். "சார், இந்த சிஸ்டம் சரியில்லை" என்று சொல்லி இடம் மாறி உட்கார்ந்துகொள்வார். இங்கே சொல்ல வேண்டிய இன்னொரு செய்தி: ஜிசிசி கம்பைலரில் அட்ரஸ் சானிடைசர் என்ற வசதி பல ஆண்டுகளாகவே இருக்கிறது. கம்பைல் செய்யும்போது அதையும் சேர்த்துக்கொண்டால், எந்த வரியில், எந்த மாறியின் எல்லையைத் தாண்டி எழுதினோம் என்று அதுவே காட்டிவிடும். எச்சரிக்கைகளை எல்லாம் காட்டச் சொல்லும் தேர்வையும் இதையும் முதல் லேபிலிருந்தே கட்டாயமாக்கியிருக்கிறேன். எந்தச் செலவும் இல்லாத இந்த இரண்டும் பல லேப்களில் புழக்கத்துக்கு வராமல் இருப்பது வருத்தம் தருகிறது.

சரங்களுக்கு வருவோம். லேப் பட்டியல்களில் தவறாமல் இடம்பெறும் பயிற்சி, கொடுத்த சொல் முன்னும் பின்னும் ஒரே மாதிரி வாசிக்கப்படுகிறதா என்று பார்ப்பது. மேடம், லெவல், மலையாளம் என்று ஆங்கில எழுத்துகளில் கொடுத்து எல்லோரும் சரிபார்த்துவிடுவார்கள். அந்த நிரல் சரியாக ஓடத் தொடங்கியதும், தமிழில் "விகடகவி" என்று தட்டச்சு செய்து கொடுக்கச் சொல்வேன். லினக்ஸ் முனையத்தில் தமிழ் எழுத்துகள் ஒட்டியும் ஒட்டாமலும் தெரியும், ஆனால் உள்ளே போய்விடும். திருப்பி வாசித்தால் ஒரே மாதிரி இருக்கும் சொல்லுக்குத் தமிழில் நாம் சொல்லும் முதல் எடுத்துக்காட்டே அதுதான். நிரலோ, இல்லை என்று சொல்லிவிடும். ஸ்டர்லென்-ஐக் கேட்டால் நீளம் 21 என்று வரும். கண்ணுக்குத் தெரிவது ஐந்து எழுத்து. யூனிகோடில் வி என்பது வகர உயிர்மெய்க்கு ஓர் இடம், இகரக் குறிக்கு ஓர் இடம் என்று இரண்டாகப் பதிவாகிறது. ஆக ஐந்து எழுத்துக்கும் ஏழு குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட். ஏழு மூன்று 21. நிரல் முதல் பைட்டையும் கடைசி பைட்டையும் ஒப்பிடுகிறது. முதல் பைட் 224, கடைசி பைட் 191. முதல் ஒப்பீட்டிலேயே முடிந்துவிட்டது. ஒரு பைட்டுக்குப் பதில் மூன்று மூன்று பைட்டாக ஒப்பிடலாமே என்று ஒருவர் கேட்பார். அப்படியும் வராது, ஏனென்றால் முதலில் நிற்பது வகரம், கடைசியில் நிற்பது இகரக் குறி. குறியையும் அதற்கு முந்தைய எழுத்தையும் சேர்த்து ஒன்றாக எடுக்க வேண்டும்.

அந்த நிரலைத் திருத்தி எழுதுவது முதலாண்டுக்குக் கொஞ்சம் கனமான வேலைதான். வகுப்பில் சிலர் மட்டுமே அதை முடிப்பார்கள். ஆனால் கேரக்டர் என்ற பெயருள்ள தரவு வகை உண்மையில் ஒரு பைட் மட்டுமே, எழுத்து என்பது அதன்மேல் நாம் ஏற்றி வைக்கும் பொருள் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. தங்கள் மொழியின் எழுத்து கணினிக்குள் எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பார்க்கும் ஆர்வமும் அதனுடன் சேர்ந்து வருகிறது. தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, வகுப்பில் பின்வரிசையில் பேசாமல் இருக்கும் மாணவர்கள் இந்தப் பயிற்சியில் முன்னால் வந்து நிற்பதைக் கண்டிருக்கிறேன்.

சரத்தின் முடிவில் \0 என்ற ஒரு பைட் நிற்க வேண்டும் என்பதும், எழுத்துகள் ஐந்து என்றால் இடம் ஆறு வேண்டும் என்பதும் இதே பட்டைப் படத்தில் அடங்கிவிடுகின்றன. கெட்ஸ் என்ற செயற்கூறை இன்னமும் கற்பிக்கும் லேப் கையேடுகளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. எவ்வளவு இடம் இருக்கிறது என்று கேட்காமலே, வருவதை எல்லாம் நினைவகத்தில் எழுதிக்கொண்டே போகும் செயற்கூறு அது. 1988 நவம்பரில் இணையத்தில் தானாகவே பரவிய மாரிஸ் புழு என்ற நிரல், ஃபிங்கர் சேவையின் நிரலில் 512 பைட் இடத்துக்கு கெட்ஸ் பயன்படுத்தப்பட்டிருந்ததைத்தான் தன் வழிகளில் ஒன்றாக வைத்துக்கொண்டது. 2011ஆம் ஆண்டுத் தரநிலையில் அந்தச் செயற்கூறை மொழியிலிருந்தே நீக்கிவிட்டார்கள். இடத்தின் அளவைக் கேட்டு வாங்கும் எஃப்கெட்ஸ் இருக்கும்போது, நீக்கப்பட்டதை மாணவரின் கையில் கொடுப்பதற்கு நியாயம் எதுவும் இல்லை.

டர்போ சி-யைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். போர்லாண்ட் நிறுவனம் 1987இல் முதன்முதலாக வெளியிட்ட அந்தக் கம்பைலரின் நீலத் திரையில்தான் தமிழ்நாட்டின் பல தலைமுறை மாணவர்கள் சி கற்றார்கள். கன்ட்ரோலும் எஃப்9-உம் அழுத்திய விரல்களின் நினைவு இன்றும் பலருக்கு இருக்கும். அதன்மீது எனக்கும் நன்றி உண்டு. ஆனால் அது 16 பிட் காலத்தின் கருவி. அதில் ஓர் இன்ட் இரண்டு பைட் மட்டுமே. 32,767-க்கு மேல் கொள்ளாது. 8-இன் ஃபேக்டோரியல் 40,320 என்று வருவதற்குப் பதில் மைனஸ் 25,216 என்று வரும். புதிய கணினிகளில், பழைய டாஸ் நிரல்களை ஓட்ட உதவும் டாஸ்பாக்ஸ் வைத்து அதை இன்னமும் ஓட்டிக்கொண்டிருக்கும் லேப்களில், தரநிலையில் இல்லாத கோனியோ தலைப்புக் கோப்பும், திரையைத் துடைக்கும் வரியும், ஒரு விசைக்குக் காத்திருக்கும் வரியும் மொழியின் பகுதிகள் என்றே மாணவர்கள் நம்புகிறார்கள். லினக்ஸும் ஜிசிசி-யும் இலவசமாகக் கிடைக்கின்றன. மாறுவதற்குத் தடையாக இருப்பது பழைய ரெக்கார்டு நோட்டுகளில் எழுதப்பட்டிருக்கும் நிரல்கள்தான்.

ரெக்கார்டு நோட்டு என்றதும், இந்தப் பாடத்தின் மிகப் பெரிய இழப்புக்கு வந்துவிட்டோம். நோக்கம், அல்காரிதம், புரோகிராம், அவுட்புட், ரிசல்ட் என்ற ஐந்து தலைப்புகள். கடைசியில் "நிரல் வெற்றிகரமாக இயக்கப்பட்டு வெளியீடு சரிபார்க்கப்பட்டது" என்ற பொருளில் ஓர் ஆங்கில வாக்கியம். ஒவ்வொரு பயிற்சிக்கும் மார்ஜின் போட்டு, நீல மையில் கையால் எழுத வேண்டும். முதலில் அப்சர்வேஷன் நோட்டில் எழுதி, அதற்குக் கையொப்பம் வாங்கி, பிறகு அதையே ரெக்கார்டில் நகல் எடுக்கிறார்கள். ஒரு மாணவர் கம்பைலரோடு செலவிடும் நேரத்தைவிட இந்த இரண்டு நோட்டுகளோடு செலவிடும் நேரம் அதிகம். இந்த முறையில் ஆழமான குறை ஒன்று இருக்கிறது: ரெக்கார்டில் பிழைக்கு இடமே இல்லை. மேலே நான் சொன்ன முடிவில்லாத சுழற்சியை எழுத அதில் எந்தத் தலைப்பும் கிடையாது. சி-யைக் கற்பது என்பது பெரும்பாலும் பிழையைக் கண்டு, காரணத்தைத் தேடி, நினைவகத்தில் என்ன நடந்திருக்கும் என்று ஊகித்து, சரிபார்ப்பதுதான் என்னும்போது, அந்தப் பகுதியை முழுவதும் அழித்துவிட்டு வெற்றியை மட்டும் எழுதச் சொல்கிறோம். நோட்டின் வடிவத்தை மாற்றும் அதிகாரம் எனக்கு இல்லை. ஆகவே அப்சர்வேஷன் நோட்டின் இடப்பக்க வெற்றுப் பக்கத்தில், அன்றைக்கு வந்த ஒரு பிழையையும் அதன் நினைவகப் படத்தையும் வரைந்தால்தான் கையொப்பம் என்று வைத்திருக்கிறேன். துறையில் யாரும் இதுவரை மறுப்புச் சொல்லவில்லை.

தேர்வுத் தாளில் ஒரு வகைக் கேள்வி இருக்கிறது, அதை எதிர்த்து எங்கே பேச வாய்ப்புக் கிடைத்தாலும் பேசுகிறேன். மாறியின் மதிப்பில் ஒன்றைக் கூட்டும் ஐ++ என்பதையும் ++ஐ என்பதையும் ஒரே கோவையில் (எக்ஸ்பிரஷனில்) மூன்று நான்கு முறை சேர்த்து வெளியீடு என்ன என்று கேட்பது. கல்லூரி உள்தேர்வுகளிலும் வேலைவாய்ப்புப் பயிற்சி வகுப்புகளிலும் இது இன்னமும் புழங்குகிறது. ஒரே மாறியை ஒரு கோவைக்குள் இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட முறை மாற்றினால் விளைவு வரையறுக்கப்படாதது என்று மொழியின் தரநிலை சொல்கிறது. ஒரு கம்பைலர் ஒரு விடை தரும், இன்னொன்று வேறு விடை தரும், இரண்டும் சரி. விடையே இல்லாத கேள்விக்கு ஒரு விடையை மனப்பாடம் செய்யவைத்து, அதற்கு மார்க்கும் கொடுத்து, மொழியைப் பற்றிய தவறான எண்ணத்தை உறுதிப்படுத்துகிறோம். அதே இரண்டு மார்க்கை, இரண்டு மாறிகளின் மதிப்பை இடம் மாற்றும் செயற்கூறு ஏன் இடம் மாற்றாமல் போனது என்று கேட்பதற்குச் செலவிடலாம். அழைக்கும்போது மதிப்புகள் நகலெடுக்கப்பட்டுப் புதிய இரண்டு இடங்களுக்குப் போகின்றன. மாற்றம் அங்கே நடக்கிறது. செயற்கூறு முடிந்ததும் அந்த இடங்களே இல்லாமல் போகின்றன. பழைய இரண்டும் தொடப்படவே இல்லை. படம் வரைந்து இதைச் சொல்லத் தெரிந்த மாணவருக்கு, பாயிண்டர் எதற்காக வேண்டும் என்று தனியாகச் சொல்லித் தர வேண்டியதில்லை.

வகுப்பில் எல்லோரும் ஒரே இடத்திலிருந்து தொடங்குவதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. மாநிலப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் எடுத்தவர்கள் பதினோராம் வகுப்பில் சி++-உம் பன்னிரண்டில் பைத்தானும் பார்த்துவிட்டு வருகிறார்கள். உயிரியல் எடுத்தவர்களில் பலர் கல்லூரிக்கு வந்துதான் முதல் நிரலை எழுதுகிறார்கள். பிழைச் செய்திகள் எல்லாம் ஆங்கிலத்தில் வருவது அவர்களில் பலருக்கும் பெரிய சுவர். சிவப்பு எழுத்துகள் பத்து வரி வந்தவுடன் கையைத் தூக்கிவிடுகிறார்கள். முதல் செய்தியை மட்டும் பார், அதில் வரி எண்ணை மட்டும் முதலில் படி, அந்த வரியையும் அதற்கு மேல் வரியையும் பார், மற்ற ஒன்பதும் பெரும்பாலும் முதல் பிழையின் பிள்ளைகள் என்று சொல்லி, செய்தியைச் சத்தமாக வாசிக்கவைக்கிறேன். அரைப்புள்ளி விட்டுப்போனதற்குச் சில கம்பைலர்கள் அடுத்த வரியைக் காட்டும், ஏனெனில் அங்கே போன பிறகுதான் அவற்றுக்கே ஏதோ விட்டுப்போனது தெரிகிறது. இந்தக் காரணத்தைச் சொன்னால் மாணவர் மேல்வரியைப் பார்க்கத் தானே பழகிக்கொள்கிறார். திரும்பத் திரும்ப வரும் செய்திகள் அதிகம் இல்லை. இருபது செய்திகளுக்குத் தமிழில் விளக்கம் எழுதி லேப் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறோம்.

பைத்தானை முதலில் வைத்தது சரியா என்ற விவாதம் ஆசிரியர் அறையில் அடிக்கடி எழும். ஹார்வர்டின் புகழ்பெற்ற சிஎஸ்50 பாடத்தில், கட்டங்களை இழுத்து அடுக்கி நிரல் எழுதும் ஸ்க்ராட்சுக்குப் பிறகு பல வாரங்கள் சி-யில் கழிந்த பின்பே பைத்தான் வருகிறது. நினைவகத்தைத் தானே கையாண்டு பார்த்த மாணவர், பைத்தான் தனக்காக என்னென்ன செய்கிறது என்பதை அறிந்து அதைப் பயன்படுத்துகிறார். அந்த வரிசையே எனக்கு உகந்தது. ஆனால் வரிசை நம் கையில் இல்லை, அதற்காகக் குறைபட்டுக்கொண்டிருப்பதிலும் பயனில்லை. பைத்தான் தெரிந்து வருவதால், நிபந்தனை, சுழற்சி, செயற்கூறு ஆகியவற்றை மறுபடி விரிவாக நடத்த வேண்டியதில்லை. முதல் அலகை வேகமாக முடித்துவிட்டு, மிச்சமாகும் பாடவேளைகளை அணிக்கும் பாயிண்டருக்கும் கொடுக்கலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

அந்த மிச்ச நேரம் உண்மையில் தேவைப்படுவது நான்காம் அலகில், மேலாக் என்ற செயற்கூறை வைத்து நினைவகத்தில் இடம் கேட்டு வாங்கி, ஒவ்வொரு கணுவும் அடுத்த கணுவின் முகவரியை வைத்திருக்கும் ஒற்றை இணைப்புப் பட்டியல் கட்டும்போது. மூன்றாம் பருவத்தின் தரவுக் கட்டமைப்புப் பாடம் முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. இங்கே கைவிட்டவர்கள் அங்கே அரியர் வைக்கிறார்கள். என் கடைசி உள்தேர்வில் இதற்கென ஒரு 13 மார்க் கேள்வி வைக்கிறேன். மூன்று கணுக்கள் உள்ள பட்டியல் ஒன்று முகவரிகளோடு வரையப்பட்டிருக்கும். நடுக்கணுவை நீக்க வேண்டும். நிரலுக்கு 4 மார்க். நீக்குவதற்கு முன்னும் பின்னும் உள்ள நினைவகப் படங்களுக்கு 5 மார்க். மீதி 4 மார்க், வாங்கிய இடத்தைத் திருப்பிக் கொடுக்கும், அதாவது ஃப்ரீ செய்யும் வரியை ஒரு படி முன்னதாக எழுதினால் என்ன நடக்கும் என்பதற்கு: முதல் கணு எங்கே போக வேண்டும் என்ற முகவரி, திருப்பிக் கொடுத்துவிட்ட கணுவுக்குள்ளே இருக்கிறது, அதை இனிமேல் படிக்க நமக்கு உரிமை இல்லை, படித்தால் சில சமயம் சரியான முகவரியே வரும், அதனால்தான் அந்தப் பிழை லேபில் பிடிபடாமல் தப்பிவிடுகிறது. நிரலை மனப்பாடம் செய்து எழுதியவர்கள் முதல் 4 மார்க்கோடு நின்றுவிடுகிறார்கள். பருவம் முழுக்கப் பட்டை வரைந்து வந்தவர்களில் பெரும்பாலோர், முகவரியை முதலில் வேறொரு மாறியில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைக் கேட்காமலேயே எழுதிவிடுகிறார்கள்.